ஜிம்மியின் சிறுநீர்க் கல்: கத்தி வைக்காமல் எதுவரை போகலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வயது ஆண் டால்மேஷியன் நாய் இருக்கிறது. பெயர் ஜிம்மி, எடை 24 கிலோ. சென்ற மாதம் ஒன்றரை நாள் சிறுநீர் போகாமல் முக்கிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். வாந்தி எடுக்கத் தொடங்கியதும் பொள்ளாச்சியில் ஒரு மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் மயக்க ஊசி போட்டு, ட்யூப் வழியாக அடைப்பைத் திறந்து, கல்லைச் சிறுநீர்ப்பைக்கே தள்ளிவிட்டார். எக்ஸ்ரேயில் கல் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேனில் நான்கு கற்கள் இருப்பதாகவும், பெரியது 6 மி.மீ. என்றும் வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் அமிலத்தன்மை, அம்மோனியம் பையூரேட் படிகங்கள், கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தத்தில் ஏறியிருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இப்போது இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்யலாம் என்று மருத்துவர் சொல்கிறார். என் மனைவிக்குப் பயம். கல்லுருக்கிச் சாறும் இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்தால் கரைந்துவிடும் என்று என் மைத்துனர் சொல்கிறார். ஜிம்மிக்குச் சோற்றுடன் கோழிக் கடையிலிருந்து ஈரலும் கல்லீரல் கழிவும் வாங்கிப் போடுகிறோம். மத்தி வாங்கும் நாளில் அதுவும் உண்டு. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு. கல்லுக்கு அதுதான் காரணமா? ஆபரேஷன் இல்லாமல் தீர வழி உண்டா? மறுபடியும் ராத்திரியில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்:

உங்கள் கடிதத்தில் பரிசோதனை முடிவுகளை விவரமாக எழுதியிருப்பது பெரிய உதவி. அவை இல்லாமல் 'கல் கரையுமா' என்ற கேள்விக்கு எந்த மருத்துவராலும் பொறுப்புடன் விடை சொல்ல முடியாது. ஆபரேஷன் இல்லாமல் தீருமா என்று நீங்கள் கேட்பதில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. அடைப்பைத் திறப்பது ஒன்று. கல்லை இல்லாமல் செய்வது மற்றொன்று. முதலாவது சில மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய வேலை, அதைப் பெரும்பாலும் கத்தி வைக்காமலே செய்துவிடலாம். இரண்டாவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அதற்குக் கத்தி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது கல்லின் அளவைவிட அது எதனால் ஆனது என்பதுதான். ஜிம்மிக்கு முதல் வேலை நல்லபடியாக முடிந்திருக்கிறது. இரண்டாவதில் அவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன், ஆனால் அது நிபந்தனைகளோடு வரும் வாய்ப்பு.

ஆண் நாய்க்கு அடைப்பு ஏன் இவ்வளவு எளிதில் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர் வெளியேறும் குழாய் அந்த எலும்பின் அடிப்பக்கத்துப் பள்ளத்தின் வழியாகப் போகிறது. மற்ற இடங்களில் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். எலும்பைத் தொட்ட இடத்தில் விரிய வழியில்லை. ஆகவே சிறுநீரோடு உருண்டு வரும் கல், தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் வாயில் மணல் உட்கார்ந்துகொள்வதைப் போல, அந்த எலும்பின் பின்புறத்திலேயே பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறது. பெண் நாயின் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், பையில் கல் இருந்தாலும் முழு அடைப்பு அரிதாகவே ஏற்படும்.

முழுமையாக அடைத்துக்கொண்ட நாய்க்கு ஆபத்து கல்லால் மட்டும் வருவதில்லை. வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தேங்குகிறது. அதோடு பொட்டாசியமும் தேங்குகிறது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு மெதுவாகி, ஒழுங்கு தப்பி, நின்றும் போகலாம். ஜிம்மி வாந்தி எடுக்கத் தொடங்கியது இந்தத் தேக்கத்தின் அடையாளம்தான். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் சிறுநீர்ப்பை கிழியும் அபாயமும் இருந்தது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்ததில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நோயோடு வரும் குடும்பங்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், விளக்கெண்ணெயும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். இனிமேல் ஆண் நாய் முக்கினால் முதலில் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். மலத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

பொள்ளாச்சி மருத்துவர் செய்தது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் மறுபடியும் தேவைப்பட்டால் அதே முறையைத்தான் கேட்க வேண்டியிருக்கும். முதலில் டிரிப்ஸ் ஏற்றி, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்திருந்தால் இதயத்தைக் காக்கும் மருந்து கொடுப்பார்கள். பை இறுகிப் பெருத்திருந்தால் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி செலுத்திச் சிறுநீரை உறிஞ்சி எடுப்பார்கள். அழுத்தம் குறைந்தால்தான் கல் பின்னோக்கிப் போக இடம் கிடைக்கும். பின்பு மயக்கத்தில் ட்யூபைக் கல் இருக்கும் இடம்வரை செலுத்தி, குறியின் நுனியை ட்யூபைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, உதவியாளர் மலவாய் வழியாக விரலை விட்டுக் குழாயை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, சலைன் நீரையும் வழுக்கும் ஜெல்லையும் வேகமாகச் செலுத்துவார்கள். இரு பக்கமும் மூடியிருப்பதால் குழாய் நீரால் விரிகிறது; விரிந்த கணத்தில் உதவியாளர் விரலை எடுத்துவிட்டால் கல் நீரோடு பின்னால் ஓடிப் பைக்குள் விழுகிறது. முரட்டுத்தனமாக ட்யூபைக் குத்தித் தள்ளுவது இந்த முறையல்ல. அப்படிச் செய்தால் குழாய் கிழிந்து, பின்னால் தழும்பு கட்டி, கல்லே இல்லாமலும் அடைப்பு வரும். பழகிய கைகளில் இந்த முறை பெரும்பாலான நாய்களுக்குப் பலிக்கிறது. ஆனால் கல் உடம்பை விட்டு வெளியே போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மறுபடி அடைக்க அதற்கு முழு வாய்ப்பும் உண்டு என்பதால்தான் உங்கள் மருத்துவர் ஆபரேஷன் என்று சொன்னார். அவர் சொன்னது தவறான யோசனை அல்ல.

இனி கல்லைப் பற்றி. நாய்களுக்கு வரும் கற்களில் மருந்தாலும் உணவாலும் கரையக்கூடியவை உண்டு, எதற்கும் கரையாதவையும் உண்டு. சில வகைக் கிருமிகள் சிறுநீரைக் காரமாக்குவதால் உருவாகும் ஸ்ட்ரூவைட் கற்கள், ஏற்ற ஆன்டிபயாடிக்கையும் சிறப்பு உணவையும் விடாமல் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2016-இல் வெளியிட்ட பரிந்துரையும் அவ்வகைக் கல்லுக்கு முதலில் கரைத்துப் பார்க்கவே சொல்கிறது. ஷிட்சு, லாசா ஆப்சோ போன்ற சிறு இனங்களில் அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கற்களோ, எந்த உணவுக்கும் எந்த மருந்துக்கும் கரைவதில்லை. ஆக்சலேட் கல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கரைசல் குடிக்க வைப்பது நாயை வதைப்பதாகத்தான் முடியும்.

ஜிம்மியின் கல் இந்த இரண்டும் அல்ல என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்ட்ரூவைட்டும் ஆக்சலேட்டும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். யூரிக் அமிலத்தின் உப்பால் ஆன யூரேட் கல் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரே ஏமாற்றியது, ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. சிறுநீர் அமிலமாக இருப்பது, கிருமி இல்லாதது, பையூரேட் படிகங்கள் தென்பட்டது எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. படிகங்களை மட்டும் வைத்து நான் முடிவு செய்யமாட்டேன், ஏனெனில் கல்லே இல்லாத டால்மேஷியனின் சிறுநீரிலும் அவை சாதாரணமாகத் தென்படும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இனத்தையும் கணக்கில் எடுத்தால், யூரேட் கல் என்றே கருதலாம். மற்ற நாய்களின் உடம்பில் யூரிக் அமிலம் கல்லீரலில் அலண்டோயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாறிவிடும். தூய டால்மேஷியன் இனத்துக்கு, யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருப்பதால், அந்த வேலை சரிவர நடப்பதில்லை. யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்குகிறது. ஆண் நாய்களுக்கே இதனால் தொல்லை அதிகம். ட்யூப் போட்டபோது வந்த மணலோ சிறு துணுக்கோ மருத்துவரிடம் இருந்தால், அதைக் கல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஊகம் உறுதியாகும்.

போர்வெல் தண்ணீரைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் உங்கள் சித்தூர் தாலுகாவில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது என்பது உண்மை. ஆனால் யூரேட் கல் தண்ணீரின் சுண்ணாம்பால் வருவதில்லை. பிறவிக் குறையோடு, உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த தீனியும் சேர்ந்ததால் வந்தது அது. நீர் உப்புக் கரிப்பதால் ஜிம்மி குறைவாகக் குடிக்கிறான் என்றால் மட்டும் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அவனுக்கும் வையுங்கள்.

யூரேட் கல்லைக் கரைக்க உணவு, மருந்து, சிறுநீரின் தன்மை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். மருந்து அல்லோபியூரினால், மனிதர்களுக்கு 'கவுட்' என்னும் மூட்டு நோய்க்குக் கொடுக்கப்படும் அதே மாத்திரைதான், மெடிக்கல் ஷாப்களில் கிடைப்பதுதான். கிடைக்கிறது என்பதற்காக அளவைக் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் இங்கே நான் அளவு எழுதவில்லை. அந்த அளவு நாயின் எடையையும் சிறுநீரகத்தின் நிலையையும் பொறுத்தது. கிரியாட்டினின் அண்மையில்தான் இறங்கிய நாய்க்கு அதைக் கவனித்தே தொடங்க வேண்டும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அல்லோபியூரினால், யூரிக் அமிலம் உருவாவதை ஒரு படி முன்னதாகத் தடுத்து நிறுத்துகிறது. அப்படி நின்றுபோகும் இடத்தில் சேர்வது சாந்தைன் என்ற பொருள். தீனியில் ஈரலை நிறுத்தாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால், யூரேட் கல்லுக்குப் பதிலாகச் சாந்தைன் கல் வரலாம், அதைக் கரைக்க மருந்து கிடையாது. உணவைக் கடைப்பிடிக்க முடியாத வீடு இந்த மாத்திரையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எனவே கோழிக் கடைப் பொட்டலம் முதலில் நிற்க வேண்டும். ஈரல், கல்லீரல் கழிவு, இதயம், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாமே பியூரின் மிகுந்தவை. மத்தியும் நெத்திலியும் அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. மத்தியின் தலையும் குடலும் நாய்க்கு என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் தமிழக-கேரள எல்லைக்கு இருபுறமும் உண்டு. ஜிம்மியின் தட்டுக்கு இனி அது வேண்டாம். முட்டை, தயிர், பனீர் ஆகியவற்றில் புரதம் இருந்தும் பியூரின் மிகக் குறைவு என்பது நமக்குக் கிடைத்த நல்ல வசதி. குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, கொஞ்சம் தயிர், பூசணிக்காய் அல்லது சுரைக்காய் அல்லது கேரட், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் — இப்படித் தொடங்கலாம். ஆனால் வீட்டுச் சமையலை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் வேறு சில சத்துகளும் குறைந்துபோகும். அதற்கான சேர்ப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பணம் இடம் கொடுத்தால் பியூரின் குறைந்த மருத்துவ உணவு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. வேகம் காட்டுகிறேன் என்று புரதத்தையே அடியோடு நிறுத்திவிட வேண்டாம். புரதத்தை மிகக் கடுமையாகக் குறைத்த தீனியில் இருந்த டால்மேஷியன்களுக்கு இதயத் தசை தளர்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

எந்த உணவாக இருந்தாலும் தண்ணீர் கலந்து, கஞ்சி போல் இளக்கமாகக் கொடுங்கள். தனியாகக் கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைவிட, உணவோடு உள்ளே போகும் தண்ணீர்தான் கணக்கில் நிற்கும். சிறுநீரின் அடர்த்தி எண் 1.020-க்குக் கீழே இருக்க வேண்டும், அமிலத்தன்மை மாறி பி.எச். (அமில-கார அளவு) ஏறக்குறைய 7-இல் நிற்க வேண்டும். உணவு மாற்றத்திலேயே அது வராவிட்டால் மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் சேர்ப்பார். 7.5-ஐத் தாண்டினால் வேறு வகைக் கல் படியத் தொடங்கும் என்பதால் அதையும் அளந்து பார்த்தே கொடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கட்டிப்போட்டால் காலையில்தான் அவிழ்ப்பது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் மாற்றுங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறை, விடியலில் ஒருமுறை வெளியே விட வேண்டும். தேங்கி நிற்கும் சிறுநீரில்தான் கல் வளரும்.

இவ்வளவும் செய்தால் கரைந்துவிடுமா என்று கேட்பீர்கள். சில நாய்களுக்கு முழுவதும் கரைகிறது. சிலவற்றுக்குச் சிறுத்து நின்றுவிடுகிறது. சிலவற்றுக்கு அசைவதே இல்லை. கரையும் நாய்களுக்கும் மூன்று நான்கு மாதங்கள் ஆவது சாதாரணம். இதற்கிடையில் ஒரு சங்கடமும் இருக்கிறது: 6 மி.மீ. கல் கரைந்து சிறுக்கும்போது, முன்பு பையிலேயே கிடந்தது குழாய்க்குள் நுழையும் அளவுக்கு வந்து மறுபடி அடைக்கலாம். ஆகையால் எதுவரை காத்திருப்பது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஸ்கேனிலும் கல் சிறுக்கவில்லை என்றாலோ, நடுவில் ஒருமுறை அடைத்துக்கொண்டாலோ, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர்ப்பையைத் திறந்து கல்லை எடுப்பது கால்நடை மருத்துவத்தில் அடிக்கடி செய்யப்படும் அறுவைதான். சிறுநீரகம் தேறிய நிலையில், நாள் குறித்துச் செய்துகொள்வதற்கும், அடைத்து வாந்தியெடுத்துக் கிடக்கும் நாயை நள்ளிரவில் மேசையில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மனைவியிடம் எடுத்துச் சொல்லுங்கள். அறுவை செய்துகொண்டாலும் மேலே சொன்ன உணவுக் கட்டுப்பாடு ஆயுளுக்கும் தொடர வேண்டும். கத்தி கல்லைத்தான் எடுக்கும், டால்மேஷியனின் பிறவியை மாற்றாது.

அறுவைக்கும் கரைப்பதற்கும் நடுவில் வேறு வழிகளும் உண்டு. மயக்கம் கொடுத்து, பையைச் சலைனால் நிரப்பி, நாயை முதுகெலும்பு செங்குத்தாக நிற்கும்படி தூக்கிப் பிடித்து, பையை மெதுவாக அழுத்திச் சிறு கற்களைச் சிறுநீரோடு வெளியே பாய்ச்சும் முறை ஒன்று. குழாயின் அகலத்தைவிடச் சிறிய, வழவழப்பான கற்களுக்கே அது பொருந்தும். குழாயில் அடைப்பு இருக்கும்போது ஒருபோதும் செய்யக் கூடாது. ஒருமுறை எலும்பின் பின்னால் சிக்கிய கல் அந்த வழியாக வராது என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. மற்ற மூன்றும் சிறுத்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். லேசர் கதிரால் கல்லைப் பொடியாக்கும் முறை நாய்களுக்கும் இருக்கிறது, ஆனால் நம் நாட்டில் மிகச் சில இடங்களில்தான். உங்களுக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே என்ன வசதி உண்டு என்று உங்கள் மருத்துவர் மூலமாகவே கேட்டு, அவருடைய பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள்.

உங்கள் மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். கல்லுருக்கியும் சிறுபீளையும் நெருஞ்சியும் நம் பக்கத்து வைத்தியத்தில் பேர் பெற்றவை. அவற்றை இகழ்ந்து பேச எனக்கு விருப்பமில்லை. ஆயினும் நாயின் யூரேட் கல்லை அவை கரைக்கும் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. குழாயில் சிக்கிய கல்லை, நமக்கு இருக்கும் சில மணி நேரத்துக்குள் எந்தச் சாறும் கரைத்துவிடாது. பார்லித் தண்ணீர் வெறும் தண்ணீர் செய்யும் நன்மையைச் செய்யும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இளநீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தென்னந்தோப்புக்காரர்களுக்கு இளநீர் எதற்கும் மருந்து; ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. அடைப்போடு இருக்கும் நாயின் இரத்தத்தில் ஏற்கெனவே தேங்கிக்கொண்டிருப்பது அதே பொட்டாசியம்தான். அடைத்த நேரத்தில் இளநீர் கொடுப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு. அதேபோல் சிறுநீரைப் பெருக்கும் ஊசியைப் போடச் சொல்லியும் யாரையும் கேட்காதீர்கள். வாய் அடைத்த பையில் இன்னும் நீரை ஊற்றுவதால் பை கிழிவதுதான் மிச்சம். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டும் நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும், மூன்றாவது கல்லீரலைக் கெடுக்கும்.

ராத்திரியில் அடைத்தால் என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. காலைத் தூக்கித் தூக்கிச் சொட்டுச் சொட்டாக விடுவது, இரத்தம் கலப்பது, குறியை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சொட்டும் வரவில்லை, வயிறு இறுகியிருக்கிறது, சோர்ந்து படுக்கிறான், வாந்தி எடுக்கிறான் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். உணவு கொடுக்க வேண்டாம், தண்ணீரை வாயில் ஊற்றவும் வேண்டாம். எந்த மருத்துவர் இரவில் எழுந்து வருவார், எங்கே ட்யூபும் மயக்க மருந்தும் டிரிப்ஸும் இருக்கின்றன என்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் ஓரிடம், பாலக்காட்டுப் பக்கம் ஓரிடம் என்று இந்த வாரமே விசாரித்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டுபோக ஒரு வண்டிக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜிம்மியின் ஸ்கேன் அறிக்கை, சிறுநீர், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், கொடுத்துவரும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டிவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் புதிய மருத்துவரிடம் போக நேர்ந்தால், கல் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேன் பாருங்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எத்தனை மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதையும் அடுத்தபடியாகச் சொல்லுங்கள்.